பட்டனை அமுக்காத விரல்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் தடுக்கக் கற்றுக்கொண்ட கதை

நாற்பது வயதில் சண்டை விளையாட்டு பழக ஆரம்பிப்பவனிடம் எப்போதும் ஒரு சாக்கு தயாராக இருக்கும்: கை வேகம் போயிடுச்சு. எனக்கும் அது ரொம்ப நாள் உதவியது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வெளிவந்தது 2023 ஜூனில். நான் வாங்கியது ஒரு வருடம் கழித்து, தள்ளுபடி விலையில். ரியூவை எடுத்துக்கொண்டு, நாலு காம்போவை மனப்பாடம் செய்து, தட்டுத்தடுமாறி கோல்டு ரேங்க் வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டேன். நாலு மாதம். ஒரு படி ஏறினால் இரண்டு படி சறுக்கல்.

பொங்கல் விடுமுறைக்கு சித்தி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், இந்த விளையாட்டில் என்னைவிட இரண்டு ரேங்க் மேலே. நான் தோற்ற ஒரு மேட்ச்சின் ரீப்ளேயைப் போட்டுக் காட்டி, "பாத்தியாடா, எவ்ளோ வேகமா அடிக்கிறான். நம்ம கை இதுக்கு ஈடு கொடுக்குமா?" என்றேன். அவன் திரையின் ஓரத்தில் ஓடும் பட்டன் பதிவை விரலால் தொட்டுக் காட்டினான்.

"அவன் ஒண்ணும் வேகமா அடிக்கலண்ணே. அவன் அடிக்கிற நேரமெல்லாம் நீங்க எதையாவது அமுக்கிட்டு இருக்கீங்க."

அன்று ராத்திரி தனியாக உட்கார்ந்து எண்ணினேன். அந்த மேட்ச்சில் எனக்கு விழுந்த பெரிய அடிகள் 11. கண் பார்த்தும் கை தாமதமானது என்று நேர்மையாகச் சொல்லக்கூடியவை 2. மிச்சம் 9 இடத்திலும் நான் எதுவும் செய்யாமல் பின்பக்கம் இழுத்துப் பிடித்திருந்தாலே அடி விழுந்திருக்காது. வயதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த ஒன்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கூடவே ஒரு மனக்குறையும் இருக்கிறது. தடுப்பை இவ்வளவு யோசித்து வடிவமைத்த ஒரு விளையாட்டு, அதைச் சொல்லிக்கொடுப்பதில் மட்டும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் பண்ணுகிறது?

விளையாடாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தடுப்பதற்கென்று தனி பட்டன் கிடையாது. எதிராளி இருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமாக ஸ்டிக்கை இழுத்துப் பிடித்தால் தடுப்பு. பின்னாலும் கீழுமாக இழுத்தால் உட்கார்ந்து தடுப்பு. நின்று தடுப்பவனைக் காலில் அடிக்கலாம். உட்கார்ந்து தடுப்பவனைக் குதித்து அடிக்கலாம், அல்லது மேலிருந்து இறங்கும் ஓவர்ஹெட் அடியால் உடைக்கலாம். இரண்டு விதமாகத் தடுப்பவனையும் பிடித்துத் தூக்கி எறியலாம், அதுதான் த்ரோ. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-லிருந்து இந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை.

எல்லா விளையாட்டும் இப்படி இல்லை. 1992-ல் வந்த மார்ட்டல் காம்பாட்டில் தடுப்புக்கு ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் கேடயம், விட்டால் இல்லை. 1994-ல் வந்த டெக்கனில் எதையும் தொடாமல் சும்மா நின்றாலே மேல், நடு அடிகளைப் பாத்திரம் தானாகத் தடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரீட் ஃபைட்டரோ பின்வாங்குவதையும் தடுப்பதையும் ஒரே அசைவாக வைத்திருக்கிறது. இதில் ஒரு கருத்து ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அடி வராதபோது தடுக்கப் பார்த்தால் உங்கள் ஆள் பின்னால் நடக்கிறான். பயந்து பயந்து தடுக்கிறவன் கடைசியில் தன் காலாலேயே நடந்து போய் மூலையில் மாட்டிக்கொள்கிறான். தடுப்புக்கு விலை இடம். ரொம்ப அழகான ஏற்பாடு இது. இதற்கு ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறார்கள்: கைல். அவனுக்குக் கீழ்-பின் பக்கம் இழுத்துப் பிடித்திருப்பதே சோனிக் பூமுக்கான தயாரிப்பு. எல்லோரும் பதுங்கும் அதே நிலையில் அவன் துப்பாக்கியில் குண்டு போட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கு எதிராக ஆடியவர்களுக்குத் தெரியும், அவன் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு எரிச்சல் என்று.

இப்போது வேகத்துக்கு வருவோம். இந்த விளையாட்டு வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. கண் எதையாவது பார்த்து விரல் ஒரு பட்டனைத் தட்ட, சாதாரண ஆளுக்குக் கால் வினாடி பக்கம் ஆகும், அதாவது ஏறக்குறைய 15 ஃபிரேம். இது "விளக்கு எரிந்தால் தட்டு" என்கிற மாதிரி எளிய வேலைக்கு. எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்து அதற்கேற்ற பட்டனைத் தட்டவேண்டும் என்றால் இன்னும் கூடும். விளையாட்டில் என்ன நடக்கிறது? சின்ன குத்து 4, 5 ஃபிரேமில் வந்து சேர்கிறது. த்ரோவுக்கும் 5. உட்கார்ந்தபடி அடிக்கும் நடுத்தர உதை 8, 9. ரியூவின் ஓவர்ஹெட் 20 சுற்றுவட்டாரம். ட்ரைவ் இம்பாக்ட் என்ற பெரிய அடிக்கு 26.

இந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சின்ன குத்தைப் பார்த்துத் தடுப்பவன் உலகத்தில் ஒருத்தனும் இல்லை. பதினெட்டு வயதுக்காரனாலும் முடியாது, உலக சாம்பியனாலும் முடியாது. அவர்கள் அடி கிளம்புவதற்கு முன்பே தடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்துச் செய்யவேண்டியவை வேறு: ஓவர்ஹெட், இம்பாக்ட், குதித்து வருவது. அதற்குக் கண்ணை மிச்சம் பிடித்துவைக்கவேண்டும். அதாவது கை உட்கார்ந்து தடுத்துக்கொண்டே இருக்கும், கண் மெதுவான அடிகளுக்காக மட்டும் காத்திருக்கும். த்ரோவுக்கு? இரண்டும் இல்லை. த்ரோவைப் பார்க்க முடியாது, முன்கூட்டியே தடுக்கவும் முடியாது. அது ஊகம்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இந்த ஊகம்தான். த்ரோ வரும் நேரத்தில் நாமும் த்ரோ பட்டனைத் தட்டினால் பிடி விலகும். நான் எதிராளி பக்கத்தில் வந்தாலே தட்டிவிடுவேன், பிடிபடுவது அவ்வளவு அவமானமாக இருக்கும். கொஞ்சம் விவரம் தெரிந்த எதிராளி என்ன செய்வான் தெரியுமா? கிட்டே வந்து, த்ரோ போடுவதுபோல் நின்று, சட்டென்று அரை அடி பின்னால் நகர்வான். என் ரியூ காற்றைக் கட்டிப்பிடிப்பான். வெறுங்கையோடு நிற்கும் அவன் மேல் முழுநீளக் காம்போ விழும்.

கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான பாத்திரங்களுக்கு உயிர் 10,000 புள்ளி. சாதாரண த்ரோ ஒன்றுக்கு 1,200 போகும். காற்றைப் பிடித்ததற்கு விழும் காம்போவில் 3,000, 4,000 சுலபமாகப் போகும். 1,200-ஐக் காப்பாற்றுவதற்காக நான் மேட்ச்சுக்கு மேட்ச் 4,000-ஐத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த ஒன்பதில் ஐந்து இந்த ரகம்.

தடுப்பு என்றால் அடிபடாமல் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எல்லா அடியிலிருந்தும் ஒரே நேரத்தில் தப்பிக்க இந்த விளையாட்டில் வழியே கிடையாது, விதிகளே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. எந்த அடியை வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்வதுதான் தடுப்பு. அந்த முடிவை முன்னாலேயே எடுத்துவிட்டவனின் விரல் பதறாது.

இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று யோசிக்கும்போது எனக்கு 2004-ன் அந்தப் புகழ்பெற்ற வீடியோ நினைவுக்கு வரும். கலிஃபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டி, விளையாட்டு 1999-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்டு ஸ்ட்ரைக். டைகோ உமேஹாராவின் கென்னுக்கு உயிர் ஒரு நூல் அளவு. ஜஸ்டின் வாங்கின் சுன்-லி தன் சூப்பர் உதைத் தொடரை அவிழ்த்துவிடுகிறாள். டைகோ 15 உதைகளையும் ஒவ்வொன்றாக 'பாரி' செய்து, கடைசி உதையை அந்தரத்தில் முறியடித்து, திருப்பி அடித்து ஜெயிக்கிறார். கூட்டம் கத்தும் கத்தலில் வர்ணனை கேட்காது. சண்டை விளையாட்டே தெரியாதவர்கள்கூட இதைப் பார்த்திருப்பார்கள்.

மயிர்க்கூச்செறியும் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் தடுப்பைப் பற்றி நம் மனதில் தப்பான படம் ஒன்றைப் பதித்ததில் இந்த வீடியோவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி. பாரி என்பது எதிராளியை நோக்கி ஸ்டிக்கை மிகச் சரியான நேரத்தில் தட்டுவது. டைகோ ஏன் சாதாரணமாகத் தடுக்கவில்லை? அந்த விளையாட்டில் சிறப்பு அடிகளைத் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் கசியும், அவரிடம் கசியவிட உயிர் இல்லை. தடுத்தால் சாவு நிச்சயம். அதனால்தான் பாரி. முதல் உதையைக் கண்ணால் பார்த்த பிறகு தட்டினால் காலம் கடந்திருக்கும். வாங் இதைத்தான் போடுவார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தால்தான் அது நடக்கும். வேறு வழியெல்லாம் அடைந்துபோனவன், எதிராளியின் ஒரே ஆசையைக் கணித்து வைத்திருந்தான் என்று நான் அதைப் படிக்கிறேன். நாம் எடுத்துக்கொண்டதோ மின்னல் விரலை மட்டும். (இறுதிப் போட்டியில் டைகோ தோற்றுவிட்டார். கெஞ்சி ஒபாட்டாதான் சாம்பியன். அந்த ஆட்டத்தின் வீடியோவைத் தேடிப்போகிறவர்கள் குறைவு.)

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐ உருவாக்கியவர்களுக்கும் அந்த மயக்கம் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். வேர்ல்டு டூர் பகுதியில் பறந்துவரும் கூடைப்பந்துகளைப் பாரி செய்யும் குட்டி விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 வரிசையில் ஷான் பந்து வீசும் போனஸ் கட்டத்துக்கு மரியாதை அது. ஜாலியாக இருக்கும், நேரம் பழகும். ஆனால் பந்து பொய் சொல்லாது. பந்து கிட்டே வந்து நின்று யோசிக்காது, உங்களைப் பிடித்து எறியாது. தடுப்பில் கஷ்டமான பங்கு எதுவோ அது அந்தப் பந்தில் இல்லை.

மற்றபடி பாடத்திட்டம் முழுக்க அடிதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தொடக்கம், நடுத்தரம், உயர்நிலை என்று மூன்று தட்டில் காம்போ பயிற்சிகள். அடித்தால் எண் ஏறுகிறது, நிறம் தெறிக்கிறது, வர்ணனையாளர் கத்துகிறார். சரியாகத் தடுத்தால் 'டொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெரு கிரிக்கெட்டில் கட்டை போடுகிறவனுக்குக் கிடைக்கும் மரியாதை. தடுப்புக்கும் அப்படி ஒரு பாடத்தொடர் இருந்தால் என்ன? "இந்த நிலையில் உன் மேல் மூன்று தாக்குதல் வரலாம், மூன்றுக்கும் விலை இவ்வளவு, எதைத் தேர்ந்தெடுப்பாய்?" என்று கேட்கும் ஒரே ஒரு பயிற்சி. அதற்கு வேண்டிய எல்லாக் கருவியும் ட்ரெய்னிங் மோடிலேயே கிடக்கிறது. நாமே தேடி எடுத்துக் கோர்த்துக்கொள்ளவேண்டியிருக்கிறது, அதுதான் குறை.

நான் கோர்த்தது இப்படி. பயிற்சிப் பொம்மைக்கு மூன்று பதிவு போட்டேன்: கால் உதை, த்ரோ, ஓவர்ஹெட். மூன்றையும் மாற்றி மாற்றி எதேச்சையாகப் போடும்படி வைத்தேன். முதல் நாலு நாள் நாசம், மூன்றையும் பிடிக்கப் பார்த்து மூன்றிலும் அடி வாங்கினேன். ஐந்தாம் நாள் த்ரோவை விட்டுவிட்டேன். வந்தால் வரட்டும், 1,200 தானே. என்ன ஆச்சரியம், ஓவர்ஹெட் கண்ணில் பட ஆரம்பித்தது! அதுவரை அதற்கு ஒதுக்க மூளையில் இடமே இருந்திருக்கவில்லை. அப்புறம் நாலாவதாக ட்ரைவ் இம்பாக்டைச் சேர்த்தேன், மறுபடி நாசம், மறுபடி பழகியது. 26 ஃபிரேம் என்பது எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்குத் தாராளமான நேரம். வேறு எதையாவது அமுக்கிக்கொண்டிருப்பவனுக்கு அது பூஜ்யம்.

இன்னொன்றும் இந்தப் பயிற்சியில்தான் பிடிபட்டது: யாருடைய முறை என்பது. ஒரு அடியைத் தடுத்ததும் இரண்டு பேரும் சிறிது நேரம் உறைகிறார்கள். யார் முதலில் விடுபடுகிறாரோ அவர் முறை. ரியூவோ கென்னோ பலமான ஷோர்யுகென் போட்டு நீங்கள் தடுத்துவிட்டால் அவர்கள் மேலே போய் இறங்கிவர ஏறக்குறைய அரை வினாடி உங்களுக்குச் சொந்தம், வேண்டியதைச் செய்யலாம். சின்ன குத்து தடுக்கப்பட்டால் நிலைமை வேறு, அடித்தவனே இன்னும் முன்னால் இருக்கலாம். நான் தடுத்த மறுகணமே "இப்போ என் முறை" என்று ஒவ்வொரு தடவையும் குத்தியிருக்கிறேன். ஒன்பதில் மிச்ச நாலு அந்த வகை. பேச்சில் குறுக்கே புகுந்து புகுந்து அடி வாங்குகிறவன் மாதிரி.

விளையாட்டின் விதிகள் பக்கம் வந்தால் என் புகார் குறைகிறது. ஆறாம் பாகத்தின் முக்கியக் கண்டுபிடிப்பு ட்ரைவ் கேஜ், ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை. ஆட்டம் தொடங்கும்போதே நிறைந்திருக்கும். தாக்குவதற்கான சலுகைகள் எல்லாம் இதிலிருந்துதான் செலவாகும், அடியைத் தடுத்தாலும் இதுவே குறையும். ஆறும் தீர்ந்தால் பர்ன்அவுட். அப்புறம் தடுக்கும் சிறப்பு அடிகளில் உயிர் கசியும், தடுத்த பின் உறையும் நேரம் 4 ஃபிரேம் கூடும், மூலையில் இம்பாக்ட் வாங்கினால் தலைசுற்றி நிற்கவேண்டியதுதான். தடுக்கிறவனுக்கு வரி போடுகிறார்கள் என்று சிலர் சலித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். எனக்கு அது நியாயமாகவே தெரிகிறது. கில்டி கியர் வரிசையில் தடுக்கத் தடுக்க ஒரு பட்டை ஏறி, அடுத்து விழும் அடி கூடுதலாக வலிக்கும். அதோடு ஒப்பிட்டால் இங்கே பில் வெளிப்படையாகத் திரையில் ஓடுகிறது. சும்மா பதுங்கிக் கிடப்பது இலவசமில்லை என்று சொல்லும்போதே, ட்ரைவ் பாரி செய்தால் பட்டை திரும்ப ஏறும் என்று சம்பாதிக்க ஒரு வழியும் கொடுக்கிறார்கள். அந்தப் பாரிக்கும் எதிராக த்ரோ இருக்கிறது, அப்போது அது வழக்கத்தைவிட அதிகமாக வலிக்கும். ஆக எதுவும் ஓசி இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கட்டடம் கோணுகிறது: மூலை. மூலையில் த்ரோ வாங்கி விழுந்தால், பல பாத்திரங்களால் நீங்கள் எழும் நேரத்துக்குச் சரியாக ஓடிவந்து நின்று அதே கேள்வியை மறுபடி கேட்கமுடியும். த்ரோவா, அடியா? "1,200 தானே, வாங்கிக்கொள்" என்ற என் கணக்கு இங்கே கிழிகிறது. ஒரு த்ரோ சின்னச் செலவு. அதே இடத்தில் அதே கேள்வி மூன்று தடவை வந்தால் 3,600, ஒன்பது தடவை வந்தால் ஆள் காலி. எந்த அடியை வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமைதான் தடுப்பவனின் ஒரே சொத்து. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதே மூலையில் அதே ஆளிடம் கொண்டுபோய் நிறுத்தினால் அது என்ன தேர்வு? ஆட்டம் இழுத்துக்கொண்டு போகாமலிருக்க இது தேவை என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு த்ரோவுக்குப் பிறகு இரண்டு அடி இடைவெளி கொடுத்தால் ஆட்டம் ஒன்றும் செத்துவிடாது.

இதெல்லாம் பழகி நான் பெரிய ஆளாகிவிடவில்லை. பிளாட்டினம் வந்தேன், அவ்வளவுதான். என்னோடு ஒரே சமயத்தில் வாங்கிய நண்பர் இரண்டே மாதத்தில் "இது சின்னப் பசங்க விளையாட்டுப்பா, நமக்கு ரிஃப்ளெக்ஸ் கிடையாது" என்று விற்றுவிட்டார். அவருடைய ரீப்ளேக்களையும் அப்போது எண்ணியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. குதித்து முதுகுப்பக்கம் இறங்குபவர்களிடம் இன்னமும் நான் திணறுகிறேன். அவன் தலைக்கு மேல் தாண்டும் அந்தக் கணத்தில் 'பின்னால்' என்பது எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போகிறது. அதற்குத் தனிப் பதிவு போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். முன்னேற்றம் சுமார்.

போன வாரம் சித்தி மகனோடு ஆன்லைனில் ஆடினேன். அவன் கென். மூன்றாவது ஆட்டத்தில் மூலையில் மாட்டினேன். ஒரு த்ரோ. எழுந்தேன். இன்னொரு த்ரோ. கட்டைவிரலைப் பின்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே எழுந்தேன். இந்தத் தடவை நான் ஏதாவது அமுக்குவேன் என்று நினைத்து ஷோர்யுகென் போட்டான். டொப். அவன் மேலே போய்க்கொண்டிருந்தபோது நான் காம்போவை நிதானமாக யோசித்து முடித்துவிட்டேன். அந்த ரவுண்டு எனக்கு. மேட்ச் வழக்கம்போல அவனுக்கு.

பிறகு போன் பண்ணினான். "அண்ணே, அந்த ரெண்டு த்ரோவையும் வேணும்னேதான் வாங்குனீங்களா?"

"ரெண்டாவது மட்டும்டா," என்றேன்.